கோச் தெரிந்தெடுத்த ஆறு பேர்

ஒரு தோளின் விலை அறுபது டொலர் என்றார் மலர்ச்சாலைக்காரர் பிராங்க். ஆறு தோளுக்கு முந்நூற்று அறுபது. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் அதற்குள் அடக்கம். எல்லாரும் சவப்பெட்டி தூக்கிப் பழகியவர்கள். இத்தனை காலத்தில் ஒருவருக்கும் கை நழுவியதில்லை.

எமில்டா புருசனின் நீலச் சூட்டை மடியில் வைத்தபடி இருந்தாள். பெட்டியின் கீழ்ப்பாதி மூடியே இருக்கும், காற்சட்டை கட்டாயமில்லை என்று சற்று முன்புதான் பிராங்க் சொல்லியிருந்தார். வின்சன்ற் காற்சட்டை இல்லாமல் ஒரு இடத்துக்கும் போனதில்லை என்று அவள் பதில் சொன்னாள். மகள் நதீஷா அதைக் கொஞ்சம் மரியாதையாக்கி ஆங்கிலத்தில் சொன்னாள்.

ரொறொன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு பலசரக்குக் கடையின் மீன் பகுதியில் எமில்டா பல வருடமாக வேலைக்கு நிற்கிறாள். அவளுடைய தகப்பன் யாழ்ப்பாணத்துக் கரையில் மீன் ஏலம் கூறியவர். விலை என்று ஒன்று காதில் விழுந்தால் அவளுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். செத்தவீடு என்பதற்காக அது மூடிக்கொள்ளவில்லை. நாலு தோள் போதாதா என்று கேட்டாள். நதீஷா மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தாள். போதாது, பெட்டி ஓக் மரம், பாரம் கூட என்றார் பிராங்க். பாரமான பெட்டியை விற்றதும் நீங்கள், அந்தப் பாரத்துக்குக் கூலி கேட்பதும் நீங்களா என்று எமில்டா கேட்டாள். இதை நதீஷா மொழிபெயர்க்கவில்லை. பிராங்க் எப்படியோ விளங்கிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தோள் வேண்டாமெண்டு சொல்லு," என்றாள் எமில்டா. "எங்களிட்டை இருக்கு. கொலிஜ் தோள்."

சொல்லி முடித்த பிறகுதான், அந்தத் தோளுக்கு யாரிடம் போய் நிற்கவேண்டும் என்பது அவளுக்கு உறைத்தது. பிராங்கின் அறுபது டொலர் மலிவுதானோ என்று ஒரு கணம் யோசித்தாள்.

கொலிஜ் என்றால் யாழ்ப்பாணத்துப் புனித கிளமென்ற் கல்லூரி. கட்டடமும் மணிக்கூட்டுக் கோபுரமும் அங்கே இருக்க, கல்லூரியின் கோபம் முழுவதும் ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்திருந்தது. பழைய மாணவர் சங்கம் ஒன்று, வருடத்துக்கொரு இராப்போசனம், ஒரு உதைபந்தாட்ட அணி. கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோ மைதானங்களில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டன. ஊரில் ஒரு காலம் கிளமென்ற் வருகிறது என்றால் எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும் என்று சொல்வார்கள். இங்கே கிளமென்ற் வருகிறது என்றால் எதிரணிப் பெடியள் தங்கள் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள், கோல் போடுவதைக் காட்ட.

அந்தக் கல்லூரிக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய மாணவன் ஒருவன் இறந்தால், அந்த வருடத்து அணியிலிருந்து ஆறு பேர் நீலமும் வெள்ளையும் போட்ட ஜேர்சியோடு வந்து பெட்டியைத் தோளில் சுமப்பார்கள். கைபிடியில் தூக்குவதில்லை, தோள். அந்த ஆறு பேரையும் கோச்தான் தெரிந்தெடுப்பார். ஆட்டத்துக்கு முன் பெயர் வாசிப்பது போலவே அடக்கம் செய்கிற சேமக்காலையின் வாசலிலும் நின்று பெயர் வாசிப்பார். பிறகு பெட்டிக்கு முன்னால் நடப்பார்.

கோச்சின் பெயர் இராஜரட்ணம். ஊரில் கணித மாஸ்ரராக இருந்தவர். இங்கே மிசிசாகாவில் விமான நிலையத்துக் கார் தரிப்பிடம் ஒன்றில் சீட்டுக் கிழிக்கிறார். அவர் பொறுப்பெடுத்த நாலு பருவத்தில் கிளமென்ற் வென்றது ஒரேயொரு ஆட்டம். வின்சன்ற் இந்த நாலு பருவமும் கோச் இருக்கிற வாங்குக்குப் பின்னால் நின்றார். மடக்குக் கதிரை கொண்டுபோவார். அதில் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தால் கோச்சைப் பார்த்துக் கத்துகிற குரல் போய்ச் சேராதாம்.

மாஸ்ரரிடம் ஒரு கொள்கை இருந்தது. பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறவனுக்கு விளையாட இடம். நன்றாக விளையாடுகிறவன் என்பது வேறு பிரச்சினை. அத்தோடு, பெயர் வாசித்துவிட்டால் கடைசி விசில் வரை ஆள் மாற்றமாட்டார். இரவு வேலை முடித்துக் கண் சிவந்து வந்து நிற்கிற பெடியனை, பிழை விட்டான் என்று எல்லாருக்கும் முன்னால் வெளியே எடுப்பது அவமானம் என்பது அவருடைய எண்ணம். கால் முறிந்தால் மட்டும் மாற்றுவார், அதுவும் எந்தக் கால் என்று விசாரித்துவிட்டு என்பது வின்சன்றின் பகிடி. இந்தப் பகிடியை எமில்டா எத்தனை வீட்டில் எத்தனை தேத்தண்ணியோடு கேட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

போன ஞாயிறு நாலுக்குப் பூச்சியம். வின்சன்ற் குரல் அடைத்து வீட்டுக்கு வந்தார். திங்கள் முழுக்க ரெலிபோனில் அடைத்த குரலோடு அதே நாலு கோலையும் திரும்பத் திரும்ப விட்டார். செவ்வாய் காலை வேலைக்குப் போகச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

கோடை தொடக்கத்திலேயே வைத்தியர் நெஞ்சைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். எமில்டா ஆவணியில் போவோம் என்றாள். அவர் புரட்டாதி என்றார். புரட்டாதி வந்ததும், இன்னும் மூன்று ஆட்டம்தானே, பருவம் முடியட்டும் என்றார். மீன் பகுதியில் ஒரு சதம் விடாதவள் இந்தப் பேரத்தில் மட்டும் இறங்கி இறங்கிப் போனாள். இப்போது அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. கோவில் வாசலிலும் கடையிலும் சனம் கோச்தான் வின்சன்றைக் கொன்றது என்று பாதி பகிடியாகவும் பாதி மெய்யாகவும் கதைத்தது. ஒரு மனுசன் போய்விட்டதைவிட, எதனால் போனார் என்பதுதான் எல்லாருக்கும் ருசித்தது.

வின்சன்ற் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. யாரோ ஒரு பழைய மாணவனை அடக்கம் செய்துவிட்டுக் காரில் வரும்போது, சிவப்பு வெளிச்சத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "நான் போனால் என்னையும் கொலிஜ் தோளிலைதான் கொண்டுபோகவேணும், எமில்டா."

"அதுக்கு அந்த மனுசன் எல்லோ பேர் வாசிக்கவேணும்?"

வெளிச்சம் பச்சையாகி, பின்னால் இரண்டு கார்கள் ஹோர்ன் அடித்தன.

"அதுக்கிடையிலை அவனை மாத்திப்போடுவம்," என்றார்.

*

மலர்ச்சாலையிலிருந்து திரும்பியபோது யோசப் வீட்டில் காத்திருந்தார். வின்சன்றின் கூட்டாளி, வீடு விற்கிற தொழில். நெடிய ஆள், வாசற்படியில் குனிந்து வருவார், குனிந்த பிறகும் அறைகளை அளப்பது போல ஒரு பார்வை. அயல் வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்த இடியப்பத்தையும் சொதியையும் யாரும் தொடவில்லை. அவர் மட்டும் தொட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம். கோச்சை விலக்குவதற்கு வாக்கெடுப்பு. அதற்காக வின்சன்றும் யோசப்பும் கோடை முழுக்க ஆள் சேர்த்திருந்தார்கள். இப்போது சனிக்கிழமை அடக்கத்தில் அதே கோச் பெயர் வாசித்து, பெட்டிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தால், மறுநாள் வாக்குப் பெட்டியில் என்ன விழும் என்று யோசப் கேட்டார். வின்சன்ற் வீடே அவரை மன்னித்துவிட்டது என்று சனம் சொல்லுமாம். தங்கள் ஆட்களில் ஆறு பேர் சூட் போட்டு வந்து தூக்குவார்கள். ஜேர்சி என்ன ஜேர்சி, பிரேதத்துக்குத் தெரியவா போகிறது?

"அவன் பேர் வாசிச்சால் நாங்கள் சேமக்காலைக்கு வரமாட்டம், எமில்டாக்கா. எங்கடை கார் ஒண்டும் வராது. சொல்லிப்போட்டன்."

எமில்டா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். யோசப்பின் ஆட்கள் வராவிட்டால் பாதிச் சனம் இல்லை. நாலு வருடமாக வின்சன்றோடு சேர்ந்து நின்று கத்திய பாதி அது. கோச்சை விட்டால் ஜேர்சி இல்லை. பெடியள் அவர் சொன்னால்தான் அசைவார்கள். ஒரு பக்கம் வின்சன்ற் கேட்ட தோள், மற்றப் பக்கம் அவருடைய கூட்டாளிமார். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடு என்கிறது உலகம். இரண்டையும் ஒரு விலைக்குள் கொண்டுவராவிட்டால் தான் ஏலக்காரனின் மகள் இல்லை என்று அவள் நினைத்தாள்.

"நாளைக்குச் சொல்லுறன், யோசப்," என்றாள். "சொதி இன்னும் கிடக்கு. விட்டுச் சாப்பிடும்."

"அம்மா, ஜஸ்ட் ஹயர் தி கைஸ்," என்று நதீஷா பிறகு சொன்னாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "த்ரீ சிக்ஸ்ரி. நான் பே பண்ணுறன். ப்ளீஸ்."

எமில்டா மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

*

வெள்ளி பின்னேரம் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வின்சன்ற் நீலச் சூட்டில், காற்சட்டையோடும், தலை சீவிக் கிடந்தார். குரலில்லாத வின்சன்றை எமில்டாவுக்கு அடையாளம் கண்டுகொள்ள நேரம் எடுத்தது.

கோச் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். கார் தரிப்பிடத்து ஜக்கற், மார்பில் பெயர்த் தகடு. அவர் வாசலில் தெரிந்ததும் யோசப் எழும்பி வெளியே போனார்; அவருக்குப் பின்னால் ஒரு வரிசை ஆம்பிளையள் புகைபிடிக்கப் போகிறவர்கள் மாதிரி எழும்பிப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் புகைபிடிப்பதில்லை.

மாஸ்ரர் பெட்டியருகே போய்க் கை கூப்பி நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு வந்து எமில்டாவுக்குப் பக்கத்தில், நடுவே ஒரு கடதாசித் துவாய்ப் பெட்டிக்கு இடம் விட்டு, கதிரையின் நுனியில் இருந்தார்.

"மிசிஸ் வின்சன்ற், நான் ஒண்டு கேக்க வந்தனான். பேர் நான் வாசிக்கவோ, விடவோ?"

"விட்டால் பெடியள் வருவினமோ?"

"ஜேர்சியெல்லாம் என்ரை கார் டிக்கியிலை கிடக்கு. வேணுமெண்டால் தந்திட்டுப் போறன். வேறை ஆரும் வாசிக்கட்டும்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. முழு விலையும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவனிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று தகப்பன் சொல்லித்தரவில்லை.

"வேறை ஆர் வாசிச்சாலும் அது கொலிஜ் இல்லை, மாஸ்ரர். நீங்களே வாசியுங்கோ. ஆனால் முன்னுக்கு நடக்கப்படாது."

அவர் தகட்டைத் தடவினார். "பின்னுக்கு, கடைசி ஆளாய் வந்தால்?"

"இல்லை. கார் நிக்கிற இடத்திலை."

"காருக்கு வெளியிலை நிக்கலாமோ?"

"நிக்கலாம்."

"சரி," என்றார். பேரம் முடிந்ததென்று எழும்பப் போனவர் மறுபடி இருந்தார்.

"அவர் கத்திறது முழுக்க எனக்குக் கேக்கும். கேக்காத மாதிரித்தான் நிண்டனான். திரும்பிப் பாத்தால் மாத்தவேணும். மாத்தினால் அந்தப் பெடியன்ரை முகத்தை நான் பாக்கவேணும்." கதிரை நுனியில் இன்னும் முன்னுக்கு வந்தார். "நாலு வருசத்திலை ஒரு மட்சுக்குத்தான் அவர் வரேல்லை. அண்டைக்குத்தான் வெண்டனாங்கள்."

"தெரியும்," என்றாள் எமில்டா. "மார்க்கம் ரவுணிலை ஒரு கலியாண வீட்டிலை நிண்டவர். ரெலிபோனிலை சொல்லிச்சினம். அதுக்குப் பிறகு மனுசன் சாப்பிடேல்லை. தான் இல்லாத நேரம் பாத்து வெண்டிட்டான் எண்டு."

மாஸ்ரரின் உதடு சிரிக்கப் பார்த்துவிட்டு நின்றது. பெட்டியை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன வழியில் சனம் தேவைக்கு அதிகமாக விலகி நின்றது.

எமில்டா சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு கார் தரிப்பிடத்துக்குப் போனாள். யோசப்பிடம் விலையைச் சொன்னாள். பெயர் கோச் வாசிப்பார். ஆனால் முன்னால் நடக்கமாட்டார், காரடியில் நிற்பார். சனம் அதைப் பார்க்கும், பார்த்து என்ன விளங்கவேணுமோ விளங்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக யோசப்பின் ஆட்கள் எல்லாரும் சேமக்காலைக்கு வரவேணும். பூசை முடிய யோசப்தான் நினைவுரை பேசுவார், அதில் உதைபந்து என்ற சொல் வரக்கூடாது.

யோசப் முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதில் நின்றார்.

"ஃபுட்போல் இல்லாமல் வின்சன்ற் அண்ணையைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது?"

"நாங்கள் முப்பது வருசம் குடும்பம் நடத்தினனாங்கள், யோசப். தேடிப் பாரும். ஏதும் கிடைக்கும்."

*

சனிக்கிழமை காலை, இரவு முழுக்கப் பெய்த மழை விட்டு, வானம் வெளுத்துக் கிடந்தது. பூசையில் யோசப் பேசினார். வின்சன்ற் ஒருநாளும் வேலைக்குப் பிந்திப் போகாதவர், அவசரத்துக்கு உதவுகிறவர், கார் நிதானமாக ஓட்டுகிறவர் என்றார். அதோடு முடிந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். இரண்டு தரம் வாய் திறந்து மூடி, கடைசியில், அவருக்கு ஒரு விசயத்தில் நம்பிக்கை வந்தால் இலேசில் விடமாட்டார் என்றார். கோவில் முழுக்கத் தலை குனிந்துகொண்டது. சிலருடைய தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று எமில்டா ஆராயவில்லை.

சேமக்காலைக்கு எல்லாக் காரும் வந்தன. எமில்டா கண்ணால் வரிசையை ஓட்டிப் பார்த்து, யோசப் சொன்ன சொல்லில் குறை வைக்கவில்லை என்று கண்டுகொண்டாள்.

தோளில் வைப்பது ஆபத்து, கைபிடி இருப்பது அதற்குத்தான் என்று பிராங்க் கடைசி வரை நதீஷாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் சில்லு வைத்த தள்ளுவண்டியைப் புல்லோரம் தயாராக நிறுத்தியிருந்தார்.

கோச் காரடியில் நின்றபடி பெயர் வாசித்தார். கறுப்பு நிற மேற்கோட், தலையில் ஒன்றுமில்லை. கையில் தாளும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நீல வெள்ளை ஜேர்சி முன்னுக்கு வந்தது. அவர் இடத்தைக் கை காட்டினார். பெடியள் போய் நின்றார்கள். வாசித்து முடித்துவிட்டு, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவராகக் காரில் முதுகு படும் வரை பின்னுக்குப் போனார்.

அவர் செய்த பிழை அவருக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. மைதானத்தில் வலப்பக்கம் விளையாடுகிறவர்களைப் பெட்டிக்கு வலப்பக்கமும், இடப்பக்கம் விளையாடுகிறவர்களை இடப்பக்கமும் விட்டிருந்தார். அந்த வருடம் கிளமென்ற் அணியின் வலப்பக்கம் முழுக்கக் கதவு உயரப் பெடியள். இடப்பக்கம் முழுக்கக் கட்டை, ஓட்டக்காரர்கள். முன்னால் நின்ற ஜெனாட் அணித்தலைவன், ஆனால் பக்கத்தில் நின்ற வலப்பக்கத்தானின் காதுக்குத்தான் வருவான். நடுவில் நின்றவன் அவனிலும் குள்ளம். பின்னால் நின்ற ராகுலன் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. மைதானத்தில் இதொன்றும் பெரிய குறையில்லை. பந்து உருளலாம். பெட்டி உருளக்கூடாது.

"தூக்கு," என்றான் ஜெனாட்.

தூக்கினார்கள். வலப்பக்கம் ஏறியது, இடப்பக்கம் ஏறவில்லை. நடுவில் நின்ற குள்ளப் பெடியன் பெட்டிக்குத் தோள் எட்டாமல் இரண்டு கையையும் மேலே நீட்டி முட்டுக் கொடுத்தான். இரண்டு அடி வைத்தார்கள். மேலே வைத்திருந்த மலர்வளையம் மெல்லச் சறுக்கி, ஜெனாட்டின் தலையில் பட்டு, ஈரப் புல்லில் விழுந்தது. இன்னொரு அடி வைத்தார்கள். பெட்டிக்குள்ளே ஏதோ நகர்ந்து இடப்பக்கப் பலகையில் மெதுவாக முட்டிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

நதீஷா தாயின் கையைப் பிடித்தாள்.

பெடியள் நின்றுவிட்டார்கள். ஜெனாட்டின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணால் காரடியைப் பார்த்தான். அங்கே மாஸ்ரரின் வலக்கை பாதி உயர்ந்து, பிறகு இறங்கிவிட்டது. அவர் ஒரு அடி முன்னுக்கு வைத்ததையும், வைத்த காலைத் திரும்ப எடுத்ததையும் எமில்டா கண்டாள். காருக்கு வெளியே நிற்கத்தான் அவள் அவருக்கு விட்டிருந்தாள். அதற்கு மேல் ஒரு அங்குலமும் இல்லை.

பிராங்க் தள்ளுவண்டியின் பிடியில் கை வைத்தார்.

"பாத்தியளே, அக்கா," என்று பக்கத்தில் நின்ற யோசப் பல்லுக்குள் சொன்னார். "இதுக்குத்தான் அண்ணை இவ்வளவு காலமும் கத்தினவர். செத்தும் அவருக்கு விடிவில்லை. நாளைக்குக் கூட்டத்திலை இதை ஒண்டைச் சொன்னாலே காணும்."

எமில்டா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரிந்த பெட்டியையும், அதன் கீழே நடுங்கும் சின்னக் கைகளையும் பார்த்தாள். வண்டியில் வைத்தால் ஒரு நிமிட வேலை. யாருக்கும் நட்டமில்லை, யோசப்புக்கு நல்ல இலாபம். வின்சன்ற் என்ற மனுசன் இனி ஊர்க்கதையில் பெட்டியோடு சரிந்த மனுசனாகவே இருப்பார், அவ்வளவுதான்.

"மாஸ்ரர்," என்றாள்.

கத்தவில்லை. சேமக்காலை அமைதியில் அது காரடி வரை போனது.

"வாங்கோ. ஆளை மாத்துங்கோ."

மாஸ்ரர் காரை விட்டு வந்தார். ஓடவில்லை, ஈரப் புல்லில் சப்பாத்து வழுக்காமல், ஒவ்வொரு அடியாக வந்தார். சனம் விலகியது. அவர் யாரையும் பார்க்காமல் பெட்டியின் இடப்பக்கம் போய், நடுவில் நின்ற குள்ளப் பெடியனின் கைகளுக்கு மேலாகத் தன் தோளைக் கொடுத்தார். பெட்டி கொஞ்சம் நிமிர்ந்தது. பெடியன் கீழே குனிந்து வெளியே வந்தான். அவனுடைய முகம் அழுவதற்குத் தயாராக இருந்தது. மாஸ்ரர் அந்த முகத்தைப் பார்த்தார்.

"நல்லாய்ச் செய்தாய்," என்றார்.

பெடியன் பழக்கதோசத்தில், மைதானத்தை விட்டு வருகிறவன் உள்ளே போகிறவனின் கையில் தட்டுவது போல மாஸ்ரரின் கையில் தட்டிவிட்டு, என்ன செய்தோம் என்று விளங்கி வெட்கப்பட்டு நின்றான்.

முன்பக்கம் இன்னும் சரிந்துதான் இருந்தது. மாஸ்ரர் பெட்டிக்குக் கீழே இருந்தபடியே கண்ணை ஓட்டினார். பந்து வருமுன் ஆளைத் தேடுகிறவரைப் போல ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்து, நெடிய தலை ஒன்றில் நின்றார்.

"யோசப்," என்றார். "நீர் முன்னுக்கு வாரும்."

யோசப் எமில்டாவைப் பார்த்தார். எமில்டா கையை நீட்டினாள். அவர் கையில் மடித்து வைத்திருந்த குடையை வாங்கிக்கொண்டாள்.

யோசப் போனார். குனிந்து ஜெனாட்டின் இடத்தில் தோளைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் அவருடைய கழுத்தில் மூச்சுப் படும் தூரத்தில் கோச். பின்னால் ராகுலனின் தோள் இன்னும் எட்டவில்லை என்று கண்டு, வெளியே வந்த ஜெனாட் ஜேர்சியைக் கழற்றினான். மாஸ்ரர் ஒற்றைக் கையால் அதை வாங்கிப் பின்னுக்கு நீட்டினார். ராகுலன் அதை நாலாக மடித்துத் தன் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்தான். பெட்டி அரை அங்குலம் அசைந்து, மட்டமாய் நின்றது. உள்ளே ஏதோ மறுபடி நகர்ந்து தன் இடத்துக்குப் போன சத்தம் கேட்டது.

ஜெனாட் பனியனோடு குளிரில் நின்றான். நதீஷா தன் சால்வையை எடுத்து அவனுக்குப் போட்டாள்.

"இடக்கால் முதல்," என்றார் மாஸ்ரர்.

நடந்தார்கள். முன்னால் வழி காட்ட ஒருவரும் இல்லை. பெட்டி தானாகவே குழியை நோக்கிப் போவது போல இருந்தது. பிராங்க் தள்ளுவண்டியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். யோசப்பின் ஆட்களும் மற்றவர்களும் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து பின்னால் வந்தார்கள்.

எமில்டா பெட்டிக்கு அடுத்ததாக நடந்தாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். ஈரப் புல்லில் சப்பாத்துகள் ஒன்றாக அழுந்தி ஒன்றாக எழுந்தன. தோள்களை வாய்க்குள் எண்ணினாள். நம்பிக்கை வராமல் குழி வரும் வரை இன்னொருதரம் எண்ணினாள்.

மூன்றுக்கு மூன்று.